தகவல் உண்மைதான், அம்மாவுக்கு உண்மையா? முதியவர்களுக்கான உணவு, உடல்நலத் தகவல்களைச் சரிபார்க்க நான் செய்வது

அம்மாவுக்கு 79 வயது. போன வருடம் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 என்று வந்தது. 5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய விஷயம் அது. கூடிக்கொண்டே போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் உப்பை மாற்றினீர்களா?"

மாற்றியிருந்தோம். என் தம்பி ஒரு கட்டுரையை அனுப்பி, "அக்கா, பிரஷருக்கு இந்த உப்புதான் நல்லதாம், பெரிய ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க" என்று சொல்லி, சோடியம் குறைந்த உப்பு இரண்டு பாக்கெட் வாங்கியும் கொடுத்திருந்தான். சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தது அது. அம்மாவுக்குச் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. சாப்பிடும் பிரஷர் மாத்திரை லோசார்ட்டன். அதுவும் உடலில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடிய வகை. வெளியேற வழியில்லாத இடத்தில் நாங்கள் தினமும் மூன்று வேளையும் பொட்டாசியத்தைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

தம்பி அனுப்பிய கட்டுரை பொய்யில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 2021-இல் வெளியான ஆய்வு அது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை ஐந்து ஆண்டுகள் வரை கவனித்திருக்கிறார்கள். உப்பை மாற்றியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நான் 26 ஆண்டுகள் நூலகராக வேலை பார்த்தவள். ஒரு தகவல் எங்கிருந்து வந்தது, சரியானதுதானா என்று பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. அந்தக் கட்டுரையையும் பார்த்தேன், மூல ஆய்வு இருக்கிறது என்று தெரிந்ததும் சரி என்று விட்டுவிட்டேன். கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பதை அப்புறம்தான் படித்தேன்.

அன்றிலிருந்து எந்தத் தகவலைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறேன். இது உண்மையா? உண்மை என்றால், யாருக்கு உண்மை? வயதானவர்கள் விஷயத்தில் இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக உழைப்பு தேவைப்படுகிறது. நாற்பது வயதில் ஒருவருக்குச் சொல்லும் அறிவுரை இன்னொருவருக்கும் ஓரளவு பொருந்தும். எண்பதை நெருங்கும்போது ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு கதை.

முதலில் ஒரு தாள்

தேடுவதற்கு முன்னால் எழுத வேண்டும். யாருக்காகத் தேடுகிறோமோ அவரைப் பற்றி ஒரே ஒரு தாள். வயது, இன்றைய எடை, ஆறு மாதம் முன்பிருந்த எடை, என்னென்ன நோய்கள், ஒவ்வாமை. கடைசி ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், சிறுநீரக வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று இருக்கும்), சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், மூன்று மாத சர்க்கரை அளவு. மெல்ல முடிகிறதா, விழுங்கும்போது இருமல் வருகிறதா, கடந்த ஒரு வருடத்தில் எங்காவது விழுந்தாரா என்பதும் வேண்டும்.

மாத்திரைப் பட்டியல்தான் இந்தத் தாளின் உயிர். நினைவிலிருந்து எழுதாதீர்கள். நான் அம்மாவின் மேஜை இழுப்பறையைக் கழற்றிக் கட்டிலில் கவிழ்த்தேன். சீட்டில் எழுதியிருந்தவை ஆறு, கட்டிலில் கிடந்தவை பதினொன்று. ஒரே வலி மாத்திரை இரண்டு வேறு பிராண்டு பெயரில் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பார்த்தால்தான் இரண்டும் ஒன்று என்று தெரியும். ஒரு டப்பாவில் முடி உதிராமல் இருக்கச் சாப்பிடும் பயோட்டின். "அது வெறும் வைட்டமின்தானே, அதையுமா எழுதணும்?" என்றார் அம்மா. எழுதத்தான் வேண்டும். அதிக அளவு பயோட்டின் சில லேப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் டிரோபோனின் பரிசோதனையில்கூட அளவு குறைவாகக் காட்டிவிடலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. வைட்டமின், மூலிகைப் பொடி, சத்து மாவு, கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரை எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

எடையை ஏன் இரண்டு முறை எழுதச் சொல்கிறேன் என்றால், இணையத்தில் கிடைக்கும் உணவு அறிவுரையில் பெரும்பகுதி எடையைக் குறைக்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது. வயதானவர்களிடம் நாம் பயப்பட வேண்டியது பெரும்பாலும் வேறு திசையில். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்தால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி. 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. "இளைத்துவிட்டீர்களே, நல்லதுதான்" என்று வாழ்த்திவிட்டுப் போகக் கூடாது. மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பிய சங்கமான எஸ்பென், அது சாப்பிடாதே இது சாப்பிடாதே என்று முதியவர்களுக்குப் போடும் கட்டுப்பாடுகள் மொத்த உணவையே குறைத்து ஆபத்தாகலாம், தவிர்க்கப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

நூலகத்தில் வந்து "உடம்புக்கு நல்ல உணவு பற்றி ஏதாவது புத்தகம் கொடுங்கள்" என்று கேட்பவருக்கு எதைக் கொடுத்தாலும் பாதிதான் பயன்படும். யாருக்கு, என்ன பிரச்சினைக்கு என்று ஐந்து நிமிடம் பேசினால் சரியான அலமாரிக்குப் போய்விடலாம். இணையமும் அப்படித்தான்.

புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்" என்று தேடினேன். ஒரு பக்கம், எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்றது. இன்னொன்று, வயதானவர்களுக்குத் தசை கரைவதால் 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்றது. மூன்றாவது, சிறுநீரகம் பழுதானவர்கள் புரதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது. அம்மா 52 கிலோ. முதல் கணக்கில் 42 கிராம், இரண்டாவது கணக்கில் 52 முதல் 62 வரை, மூன்றாவது அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மூன்றும் சரியான பக்கங்கள். முதலாவது பொதுவாகப் பெரியவர்கள் எல்லோருக்கும், இரண்டாவது சிறுநீரகம் நன்றாக இருக்கும் முதியவர்களுக்கு, மூன்றாவது சிறுநீரக நோய் முற்றி, டயாலிசிஸுக்கு இன்னும் போகாதவர்களுக்கு. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "75 வயதுக்கு மேல், சிறுநீரகம் பாதி வேலை செய்பவருக்குப் புரதம்" என்று தேடியபோதுதான், இது நான் முடிவு செய்யும் விஷயமில்லை, அம்மாவின் சிறுநீரக மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து சொல்ல வேண்டியது என்று புரிந்தது. தேடல் பதிலைத் தராமல் சரியான ஆளைக் காட்டிக்கொடுத்தாலும் அது நல்ல தேடல்தான்.

தேடும் வாக்கியத்திலேயே பதிலை வைக்காதீர்கள். "இந்த விதை மூட்டுவலியைக் குணமாக்கும்" என்று போட்டால் குணமாக்கும் என்று சொல்லும் பக்கங்கள்தான் வரிசையாக வரும். அதன் பெயரோடு "பக்கவிளைவு" என்று ஒரு முறை, சாப்பிடும் மாத்திரையின் மூலப்பெயரைச் சேர்த்து ஒரு முறை தேடுங்கள்.

எங்கே போவது

நான் போகும் இடங்கள் அதிகமில்லை. நோய் பற்றிப் பொதுவாகத் தெரிந்துகொள்ள மெட்லைன்பிளஸ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, விளம்பரம் கிடையாது. பிரிட்டன் பொது சுகாதார சேவையான என்.எச்.எஸ். தளத்தில் பக்கத்தின் அடியில் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது சரிபார்ப்பார்கள் என்று இரண்டு தேதியும் போட்டிருப்பார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். முதுமைக்கென்றே அமெரிக்காவில் தேசிய முதுமை நிறுவனம் இருக்கிறது. உப்பு, சர்க்கரை, உடற்பயிற்சி அளவுகளுக்கு உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பதும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடம்பின் சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்பதும் அங்கே எடுத்தவை. உங்கள் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி இருந்தால் அதில் முதியோர் பகுதியைத் தனியாகப் படியுங்கள்.

வைட்டமின், தாது மாத்திரைகள் என்றால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் கீழ் இயங்கும் உணவுத் துணைப்பொருள் அலுவலகத்தின் தகவல் தாள்கள். ஒவ்வொரு சத்துக்கும் ஒரு தாள். வயது வாரியாக அளவு, உச்ச வரம்பு, எந்த மருந்தோடு மோதும் என்பதெல்லாம் இருக்கும். பொதுமக்களுக்கு ஒன்று, மருத்துவத் துறையினருக்கு ஒன்று என இரண்டு வடிவம். நான் இரண்டையும் படிப்பேன். சுகருக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் நாள்பட்டால் பி12 அளவைக் குறைக்கும், வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து உணவிலிருக்கும் பி12 சரியாகச் சேராது என்பதை அங்கேதான் படித்தேன். இரண்டும் உள்ள ஒருவர் "கால் மரத்துப் போகுது, வயசாச்சுல்ல" என்று விட்டுவிடாமல் பி12 பரிசோதனை பற்றிக் கேட்கலாம்.

ஒரு சிகிச்சையைப் பற்றி நடந்த எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து என்ன முடிவு என்று அறிய காக்ரேன். 1993-இல் தொடங்கியது, மருந்துக் கம்பெனிப் பணம் வாங்குவதில்லை. எளிய மொழிச் சுருக்கத்தை மட்டும் படித்தாலே போதும். பப்மெட் பற்றி ஒரு வார்த்தை. அது ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். அதில் இடம்பெற்றிருப்பது தரமுத்திரை ஆகாது. நூலகத்தில் ஒரு புத்தகம் இருப்பதால் அதில் உள்ளதெல்லாம் சரி என்று ஆகிவிடாது அல்லவா, அதுபோல.

நல்ல இடங்களும் ஒன்றுக்கொன்று வேறுபடும். 70 வயதைத் தாண்டியவருக்கு வைட்டமின் டி தினமும் 800 யூனிட் என்கிறது அமெரிக்கா, 400 யூனிட் என்கிறது பிரிட்டன். ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. எந்த அளவு ரத்தத்தில் போதும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதில் வித்தியாசம். ஆனால் இரண்டு பேருமே 4,000 யூனிட்டுக்கு மேல் தானாகப் போகாதே என்பதில் ஒன்றாக நிற்கிறார்கள். எங்கே ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பக்கத்தை அடியிலிருந்து படியுங்கள்

யார் எழுதியது, எப்போது, யார் பணம், இதே பக்கத்தில் எதையாவது விற்கிறார்களா. நாலும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். மூட்டுவலியின் காரணங்களை அழகாக விளக்கிவிட்டு அதே மூச்சில் ஒரு டப்பாவை நீட்டும் பக்கத்தை நான் மூடிவிடுவேன், விளக்கம் சரியாகவே இருந்தாலும்.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு ஆஸ்பிரினைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. மாரடைப்பு வராமல் தடுக்க வயதானவர்கள் தினமும் சின்ன ஆஸ்பிரின் போடலாம் என்பது நீண்ட காலம் சாதாரணமாகச் சொல்லப்பட்டது. 2018-இல் ஆஸ்பிரீ என்ற ஆய்வின் முடிவு வந்தது. இதய நோய் இல்லாத 19,114 பேர், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்கள். ஊனமோ மறதிநோயோ இல்லாமல் வாழும் காலம் ஆஸ்பிரினால் நீளவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. அதற்கு முன் எழுதிய பக்கங்கள் இன்னும் இணையத்தில் அப்படியே இருக்கின்றன. இங்கேயும் "யாருக்கு" என்ற கேள்வி வருகிறது: ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் இந்த ஆய்வைப் படித்துவிட்டுத் தன் ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது. அவரைப் பற்றிய ஆய்வே இல்லை அது.

"ஆய்வில் கண்டுபிடித்தார்கள்" என்று பார்த்தால், என்ன வகை ஆய்வு என்று தேடுங்கள். பீட்டா கரோட்டின் நிறைந்த காய், பழங்களை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கவனித்திருந்தார்கள். சரி, அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. உணவில் இருக்கும்போது நல்லதாகத் தெரிந்தது மாத்திரையில் வேறாகிவிட்டது. கவனித்துச் சொன்ன ஆய்வா, இரண்டு குழுவாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வா என்ற ஒரு கேள்வி இவ்வளவு தூரம் போகும்.

அப்புறம், ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்ற பத்தி. இதைத்தான் நான் உப்பு விஷயத்தில் படிக்காமல் விட்டேன். மூலக் கட்டுரையில் வழிமுறைப் பகுதியில் இருக்கும், நாலைந்து வரிதான். நிறைய ஆய்வுகள் 75-ஐத் தாண்டியவர்களை, நாலைந்து மருந்து சாப்பிடுபவர்களை, சிறுநீரகமோ ஈரலோ பழுதானவர்களை வெளியே நிறுத்திவிடுகின்றன. நம் வீட்டுப் பெரியவர் அந்தப் பட்டியலில் இருந்தால், முடிவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவருக்காகச் சொன்னதில்லை. பின்னாளில் 2025-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த மாற்று உப்பைப் பற்றிப் பரிந்துரை வெளியிட்டபோதும், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது என்று தனியாகச் சொன்னது.

"ஆபத்து பாதியாகக் குறையும்" என்று எங்கேயாவது பார்த்தால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேளுங்கள். ஆயிரத்தில் 2 பேர் 1 ஆனாலும் பாதிதான், ஆயிரத்தில் 200 பேர் 100 ஆனாலும் பாதிதான்.

"இயற்கையானது, அதனால் பக்கவிளைவே இல்லை" என்ற வரியைக் கண்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். கிரேப்ஃப்ரூட் முழுக்க இயற்கையான பழம். ஆனால் சிம்வாஸ்டாட்டின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அரைகுறைத் தகவல் இதற்கு எதிர்த் திசையிலும் கெடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையே தொடக் கூடாது என்பார்கள். உண்மையில் அவர் செய்ய வேண்டியது, வாரத்துக்கு வாரம் ஏறத்தாழ ஒரே அளவாகச் சாப்பிடுவது; திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் மருந்தின் கணக்கைக் குலைக்கும். "தினமும் மூன்று லிட்டர் தண்ணீர்" என்ற பொது அறிவுரையும் அப்படித்தான். இதயம் பலவீனமானவருக்கு மருத்துவர் தண்ணீரை அளந்து கொடுத்திருப்பார்.

ஏஐ செயலிகளிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். ரிப்போர்ட்டில் உள்ள ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளவும், மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று யோசிக்கவும் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது சொல்லும் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். இல்லாத கட்டுரைக்கும் அழகான தலைப்பு கொடுத்துவிடும். மருந்து அளவை அதனிடம் கேட்டு மாற்றவே கூடாது.

மனிதர்களிடம் கொண்டுபோவது

மருத்துவரின் அறையில் கிடைப்பது பத்து நிமிடம். இருபது பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனால் அவரும் படிக்க மாட்டார், நமக்கும் கேட்க வந்தது மறந்துவிடும். நான் தாளையும் ஒரே ஒரு கேள்வியையும் எடுத்துப் போவேன். "இது நல்லதா டாக்டர்?" என்று கேட்டால் "ம், சாப்பிடலாம்" என்று வந்துவிடும். "அம்மாவின் பொட்டாசியம் இவ்வளவு, லோசார்ட்டன் சாப்பிடுகிறார், இதைச் சேர்க்கலாமா?" என்று கேட்டால் அவர் கணினியில் ரிப்போர்ட்டைத் திறக்கிறார். மருந்துக்கும் உணவுக்கும் மோதல் பற்றி என்றால் மருந்தாளுநரிடம் கேளுங்கள். எங்களுக்கு அங்கேதான் அதிகப் பொறுமை கிடைத்தது. உணவுத் திட்டத்துக்கு ஒருவரைத் தேடும்போது அவர் பதிவு பெற்ற உணவியல் நிபுணரா என்று கேட்பதில் தவறில்லை. "ஊட்டச்சத்து ஆலோசகர்" என்ற பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

பெரியவரிடமே

இதையெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் அவருக்காகச் செய்துகொண்டிருந்தேன் ஆரம்பத்தில். அது சரியில்லை. சாப்பிடுவது அவர். அவருடைய வாட்ஸ்அப்பில் தினமும் நாலு குறிப்பு வரும், எல்லாம் கூடப் படித்தவர்கள் அன்போடு அனுப்புவது. "பொய்ம்மா, டெலீட் பண்ணுங்க" என்றேன் ஒரு நாள். முகம் வாடிவிட்டது. அதற்கப்புறம் இரண்டு நாள் எதையும் என்னிடம் காட்டவில்லை. காட்டாமல் செய்து பார்ப்பதுதான் உண்மையான ஆபத்து என்று அப்போது புரிந்தது.

இப்போது இருவரும் சேர்ந்து படிக்கிறோம். "இதை அனுப்பினவங்களுக்குச் சிறுநீரகம் நல்லா இருக்காம்மா?" என்று கேட்பேன். "அவளுக்கென்ன, அவ குதிரை மாதிரி இருக்கா" என்பார். "அப்ப அவங்களுக்குச் சரியா இருக்கலாம். நம்ம தாளை எடுங்க, பார்ப்போம்." அனுப்பியவர் மேல் பழியும் இல்லை, அம்மா ஏமாந்துவிட்டார் என்ற பேச்சும் இல்லை.

உப்பை நிறுத்தி, மருத்துவர் சொன்னபடி நடந்து, அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் 4.7-க்கு இறங்கியது. அந்த எண்ணை அம்மாவே தாளில் எழுதினார், பக்கத்தில் தேதியும் போட்டார். ஒரு நகல் தம்பியிடம் இருக்கிறது. போன மாதம் அவன் ஒரு சத்து பவுடர் டப்பாவோடு வந்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். "தம்பி, இதுல பொட்டாசியம் எவ்வளவுன்னு போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு" என்றார்.